மூன்றாம் அறிவு: மரபியலும் பூச்சிகளின் மணவழிச் செலவும்

தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் இறுதி இயலாகிய மரபியல், உயிர்களை அவற்றின் அறிவு கொண்டு ஆறு வகையாக்குகின்றது. உடம்பால் அறிவது ஓரறிவு. நாவும் கூடின் இரண்டு. மூக்கும் கூடின் மூன்று. கண்ணும் கூடின் நான்கு. செவியும் கூடின் ஐந்து. மனமும் கூடின் ஆறு. மூவறிவுக்கு எடுத்துக்காட்டாகச் சிதலும் எறும்பும், நாலறிவுக்கு நண்டும் தும்பியும் கூறப்படுகின்றன. மூக்கு என்னும் உறுப்பே புறத்தே புலப்படாத சிற்றுயிர்களை மணமறியும் உயிர்கள் எனத் துணிந்து கூறும் இக்கூற்று எவ்வளவு பொருந்தும் என்பதைப் பூச்சிகளின் மணவுணர்வு பற்றி நடைபெற்றுவரும் ஆராய்ச்சியின் வரலாற்றோடு வைத்துக் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும். களமாகத் திருவையாற்றையும் அதனைச் சூழ்ந்த காவிரிக் கழனிகளையும் கொண்டுள்ளேன். அதன் காரணம் பின்னர் விளங்கும்.

மரபியலின் இப்பகுதியை எடுத்தாள்வோரிடையே இருவகைப் போக்குக் காணப்படுகின்றது. மேலைநாட்டார் இன்று கண்டன யாவும் தொல்காப்பியர் அன்றே கண்டனவே என்பர் ஒரு சாரார். இது சமணர் கொள்கை, தமிழிற் பெயர்ந்து வந்தமர்ந்தது, இதில் ஆராய ஒன்றுமில்லை என்பர் மற்றொரு சாரார். முன்னவர் பூச்சியை நோக்குவதில்லை. பின்னவர் நூலை நோக்குவதில்லை. மேடைகளில் முதற்கூற்றுக்குக் கைதட்டல் மிகுதி என்பதும் நாம் அறிந்ததே.

முதற்கண் நூல் கூறுவதை வரையறுத்துக்கொள்வோம். தொல்காப்பியர் இப்பகுப்பைத் தமதெனக் கூறவில்லை. நன்குணர்ந்த முன்னோர் முறைப்படுத்தியது என்றே கூறுகின்றார். ஒவ்வோர் அறிவையும் அதற்கு முன்னதனோடு கூட்டியே சொல்கின்றார். ஆகவே மூவறிவுயிர் என்பது மணம் ஒன்றையே அறிவது அன்று. ஊறும் சுவையும் நாற்றமும் ஒருங்கே உடையது. எடுத்துக்காட்டுக் கூறிய பின்னர், அவ்வினத்துப் பிறவும் உள என்று இடமும் விடுகின்றார். நாற்றம் என்னும் சொல் அக்காலத்தில் நறுமணத்தையும் குறித்தது என்பதை மாணவர்க்கு ஈண்டு நினைவூட்டுதல் மிகையாகாது.

சமண நூலோடுள்ள ஒப்புமை மறைக்கத் தக்கதன்று. உமாசுவாதி வடமொழியில் இயற்றிய தத்துவார்த்த சூத்திரம், புழு, எறும்பு, வண்டு, மனிதர் என்று ஒவ்வொரு புலன் ஏற ஏற உயிர்களை அடுக்கிச் செல்கின்றது. எறும்புக்கு மூன்று, வண்டுக்கு நான்கு என்னும் கணக்கு இரு நூலுக்கும் பொது. மனம் அங்கே ஐம்புலவுயிர்களுள் ஒரு சாரார்க்கு உரியது. இங்கே ஆறாவதாகத் தனித்து எண்ணப்படுகின்றது. பேராசிரியர் ச. வையாபுரிப் பிள்ளை அவர்கள் இவ்வொப்புமையைத் தொல்காப்பியர் சமணர் என்பதற்குச் சான்றாகக் கொண்டார்கள், மறுத்தோரும் பலர். அவ்வழக்கில் நான் புகவில்லை. ஆயின், அடுக்கு முறை ஒத்திருப்பினும் எடுத்துக்காட்டுகள் முழுதும் ஒத்தில்லை என்பதை இருசாராரும் போதிய அளவு நோக்கவில்லை. புழுவின் இடத்தில் தமிழ்நூல் நந்தையும் முரளையும் வைக்கின்றது. எறும்போடு சிதலைச் சேர்க்கின்றது. தும்பியோடு நண்டைச் சேர்க்கின்றது. கடற்குரிய சிப்பியினங்களை நீக்கிவிட்டால், புல், நத்தை, கறையான், எறும்பு, நண்டு, வண்டு ஆகிய அனைத்தையும் திருவையாற்றை அடுத்த ஒரு வயல்வரப்பின்மேல் அரை நாழிகைப் பொழுதிற் காணலாம். கொள்கை எங்கிருந்து வந்ததாயினும், எடுத்துக்காட்டுகள் இந்நிலத்து வரப்பிலிருந்து பொறுக்கப்பெற்றவை என்பது என் துணிபு.

இனி எறும்பை நோக்குவோம். பதினெட்டாம் நூற்றாண்டில் சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் சார்லசு பொன்னே, சாரையாகச் செல்லும் எறும்புகளின் வழிக்குக் குறுக்கே விரலால் ஒரு கோடு தேய்த்தார். எறும்புகள் அவ்விடத்தில் திகைத்து நின்றன. கண்ணுக்குப் புலனாகாத ஏதோ ஒன்று வழியாக இடப்பட்டுள்ளது என்பது இதனால் விளங்கியது. நம் வீடுகளிற் சிறுவர் விளையாட்டாகச் செய்யும் செயலே அது. செய்தபின் நின்று காரணம் வினவியமையே பொன்னேயின் சிறப்பு. 1959-இல் அமெரிக்க அறிஞர் எட்வர்டு வில்சன், நெருப்பெறும்பின் வயிற்றுப்புறத்துச் சுரப்பியொன்றின் சாற்றைக் கோலால் தொட்டு நிலத்தில் கோடிழுக்க, எறும்புகள் புற்றினின்றும் வெளிப்பட்டு அக்கோட்டின் வழியே ஓடின. ஓரெறும்பு இட்ட தடம் சிறிது பொழுதில் ஆவியாகி மறையும்; இரை கண்டு மீளும் ஒவ்வோர் எறும்பும் அதன்மேல் மீண்டும் இடுதலால் தடம் நிலைபெறும்; இரை தீர்ந்தபின் இடுவார் இன்மையால் தானே அழியும்.

இத்தடத்தை எந்திரத்திற்குக் கற்பித்த வரலாறு நமக்குச் சுவை தருவது. ஆசுத்திரேலியாவின் மோனாசு பல்கலைக் கழகத்தில் ஆண்டி ரசல் என்னும் பொறியியலறிஞர், 1990-களில், தரையில் மணத்தடம் இட்டுச் செல்லும் ரோபோ ஒன்றையும், அத்தடத்தை மோந்து பின்தொடரும் கருவியையும் அமைத்தார். தடமிடுதற்கு அவர் தேர்ந்த பொருள் கற்பூரம். தடமாய் நிற்கும் அளவு தங்கவும் வேண்டும், பின் எச்சமின்றி மறையவும் வேண்டும் என்னும் இரு தேவைக்கும் அதனினும் ஏற்றதொன்று அரிது. நம் கோயில்களில் அதனை ஏற்றுவோர் வேறு பொருள் கொண்டனர். ஆயின் எச்சமின்மை என்னும் அப்பண்பையே அவரும் போற்றினர்.

எனின், எறும்புக்குக் கண்ணறிவு இல்லையோ? இங்குத்தான் மரபியலின் அடுக்கு தளர்கின்றது. தூனிசியா நாட்டில் மருத்துவராய் இருந்த பெலிக்சு சாண்ட்சி, 1911-இல், கூடு திரும்பும் பாலைநில எறும்பொன்றுக்கு ஞாயிற்றை மறைத்து, எதிர்ப்புறத்திலிருந்து கண்ணாடியால் அவ்வொளியைக் காட்டினார். எறும்பு உடனே திரும்பி எதிர்த்திசையில் நடந்தது. சுடுமணலில் மணத்தடம் நில்லாது. ஆதலின் அவ்வெறும்பு வானொளியையே வழிகாட்டியாகக் கொள்கின்றது. வானின் ஒளி ஞாயிற்றைச் சூழ்ந்து ஓர் ஒழுங்குபட்ட தளத்தில் அதிர்கின்றது. நம் கண் அறியாத அவ்வொழுங்கை எறும்பின் கண் அறியும். நடந்த தொலைவையும் அது கணக்கிடுகின்றது. 2006-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இரையிடத்தில் எறும்பின் கால்களுக்குப் பன்றிமயிரால் பொய்க்கால் கட்டிவிட, திரும்பும்போது அது கூட்டைக் கடந்து சென்று தேடியது. கால்கள் குறைக்கப்பெற்றது கூட்டிற்கு முன்னரே நின்று தேடியது. அடியெண்ணுதல் போன்றதொரு கணக்கு அதனிடம் உண்டு என்பது இதனாற் பெறப்படும். பிரான்சின் மார்செய் நகரில் அமைக்கப்பெற்று 2019-இல் வெளியிடப்பெற்ற ஆறுகால் ரோபோ இவ்விரு வழியையும் பின்பற்றிப் பதினான்கு மீட்டர் அளவு அலைந்து திரிந்தபின் புறப்பட்ட இடத்திற்கு ஒரு சென்டிமீட்டர் அளவுத் துல்லியத்தோடு மீண்டது.

ஆதலின் எறும்பு நாலறிவினதே எனல் வேண்டும். ஆனால் சிதல்? உழைக்கும் கறையான் பெரும்பாலான இனங்களிற் கண்ணற்றது. வயிற்றின் கீழ்ப்புறச் சுரப்பியினின்று இடும் மணத்தடமே அதற்கு வழி. தமிழ்நூல் தனியே சேர்த்த எடுத்துக்காட்டு, மூன்றோடு நிற்கும் உயிர்க்கு எறும்பினும் பொருத்தமாய் அமைந்துள்ளது. இதனை முன்னறிவு என்று முழக்குதல் வேண்டா. புற்றை உடைத்துப் பார்த்தோர், ஒளியைக் கண்டு ஒதுங்கி இருட்குழாய்களிலேயே நடமாடும் உயிரைக் கண்டோர், கூறியது என்று கொள்வதே அமையும்.

கறையானை இந்நாட்டுப் புலவர் நோக்கியறியக் காரணமும் வேண்டிய அளவு இருந்தது. தேவார ஏடுகள் தில்லையில் பூட்டிய அறையொன்றில் புற்றால் மூடப்பெற்றுச் சிதலுக்கு இரையாயின என்பதும், சோழ மன்னனும் நம்பியாண்டார் நம்பியும் எண்ணெய் பெய்து புற்றைக் கரைத்து எஞ்சியவற்றை எடுத்தனர் என்பதும் திருமுறைகண்ட புராணம் கூறும் செய்தி. வரலாற்றளவில் அதன் ஒவ்வொரு கூற்றையும் நிறுவ இயலாது. ஆனால் ஓலையும் கறையானும் பற்றிய அதன் அறிவு மெய்யானது. தஞ்சை சரசுவதி மகால் நூல்நிலையத்தில் வசம்பு, கருஞ்சீரகம், இலவங்கம், மிளகு, பட்டை ஆகியவற்றை இடித்துக் கற்பூரம் கூட்டிச் சிறு துணி முடிச்சுகளாகச் சுவடிகளிடையே வைக்கும் வழக்கம் அறியத்தக்கது. அம்முடிச்சு சுவடியைச் சூழ்ந்து வேறொரு மணத்தைப் பரப்பிப் பூச்சியை அணுகவிடாது செய்கின்றது. 1885-இல் சி. வை. தாமோதரம் பிள்ளை அவர்கள் பொருளதிகாரத்தை அச்சேற்றும் வரை, சிதலுக்கு நாற்றவறிவு உண்டு எனக் கூறும் நூலே அச்சிதலின் நாற்றவறிவுக்குத் தப்பிப் பிழைக்க வேண்டியிருந்தது.

இனித் திருவையாறு. அப்பர் இத்தலத்தில் கயிலைக் காட்சி பெற்றுப் பாடிய பதிகத்தில், பாட்டுதோறும் ஓர் இணை வருகின்றது: களிறும் பிடியும், கோழியும் பெடையும், மயிலும் குயிலும் நாரையும் கிளியும் தத்தம் துணையொடு தோன்றுகின்றன. பூச்சியினம் அங்கு இடம்பெறவில்லை. ஆனால் இவ்வூரைச் சூழ்ந்த வயல்களில் சம்பாவும் தாளடியும் நிற்கும் காலத்து இரவுகளில் நிகழும் இணைதேடலிற் பெரும்பகுதி பூச்சிகளுடையதே. உழவர் குருத்துப்பூச்சி என்னும் மஞ்சள் நிற அந்துப்பூச்சியின் புழு, நெற்றண்டைத் துளைத்து உட்புகும். இளம்பயிராயின் நடுக்குருத்துக் காயும். கதிர் வரும் பருவமாயின் மணியற்ற வெண்கதிர் வெளிப்படும். முட்டைகள் நாற்றின் இலை நுனியில் இடப்பெறுதலால் நுனியைக் கிள்ளி நடுதல் வழக்கம்.

இப்பூச்சியின் பெண் இருளில் ஓரிடத்திருந்து ஒரு மணத்தை விடுகின்றது. ஆண் அதனைப் பற்றி வந்து சேர்கின்றது. இவ்வகைச் செயலை முதன்முதல் நுணுகி ஆராய்ந்தோருள் ஒருவர் பிரெஞ்சு அறிஞர் பாபர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அவர் தம் இல்லத்துக் கூண்டில் வைத்த பெரிய அந்துப்பூச்சிப் பெண் ஒன்றை நாடி ஒரே இரவில் நாற்பது ஆண்கள் வரை வந்தன. காற்றுப் புகாத கண்ணாடிக் கலத்துள் அதனை அடைத்தபோது ஒன்றும் வரவில்லை. கண்டு வருவதாயின் கண்ணாடி தடையாகாது அன்றோ? 1959-இல் செருமானிய அறிஞர் பூட்டனாண்டு, ஏறத்தாழ ஐந்து இலட்சம் பெண் பட்டுப்பூச்சிகளின் சுரப்பிகளைக் கொண்டு அப்பொருளைப் பிரித்து அதன் வேதி அமைப்பைக் கண்டார். நெற்குருத்துப் பூச்சியின் மணம் 1985-இல் அறியப்பட்டது: இரண்டு ஆல்டிகைடுகள், மூன்றுக்கு ஒன்று என்னும் அளவிற் கலந்தது. அக்கலவை ஊறிய சிறு இரப்பர்க் குமிழைத் தாங்கி வயலில் நிற்பதே இன்றைய இனக்கவர்ச்சிப் பொறி. ஆண்பூச்சிகளைப் பெருமளவிற் பிடித்தழிக்க எக்டேருக்கு இருபது பொறிகள் வைக்கப் பரிந்துரைக்கின்றனர்.

மணம் வந்த திசையைப் பூச்சி எவ்வாறு அறிகின்றது என்பதே கடினமான வினா. மணம் மிகும் பக்கம் நோக்கிச் சென்றால் போதும் என நினைக்கத் தோன்றும். ஆனால் காற்றில் மணம் அவ்வாறு சீராகப் பரவுவதில்லை. தூபக்காலினின்று எழும் புகையை நோக்குக: சிறிது உயர்ந்ததும் இழையிழையாகப் பிரிந்து, முறுகி, இடையிடையே வெற்றிடம் விட்டுச் செல்லும். மணமும் அவ்வாறே. ஒருகணம் உண்டு, மறுகணம் இல்லை. ஆங்கில அறிஞர் கென்னடி, 1940-இல் கொசுக்களைக் கொண்டும், 1974-இல் மார்சு என்பாரோடு சேர்ந்து அந்துப்பூச்சிகளைக் கொண்டும், காற்று ஊதும் கூண்டுகளில் இதனை ஆராய்ந்தார். மணம் பட்டவுடன் பூச்சி காற்றை எதிர்த்துப் பறக்கும். மணம் அற்றவுடன் குறுக்காக இருமருங்கும் வீசிப் பறந்து, இழந்த இழையைத் தேடும். இனிப் பறக்கும் உயிர்க்குக் காற்றின் திசையை அறிதலே அரிது. ஓடத்தில் மிதப்போன் நீரின் ஓட்டத்தை உணராமை போல. கரையை நோக்கினாலன்றி அவன் அறியான். பூச்சியும் தன்கீழ் நிலம் பின்னோக்கி ஓடும் தோற்றத்தைக் கண்ணாற் கண்டே காற்றின் போக்கை அறிகின்றது. கூண்டின் தரையில் வரைந்த கோடுகளை நகர்த்தினால் பூச்சியின் பறத்தலும் மாறுகின்றது.

எனவே மணவழிச் செலவு மூக்கொன்றால் நிகழ்வதன்று. மணம் ‘செல்’ என ஏவுகின்றது. காற்றும் கண்ணும் எங்கே என்பதைக் காட்டுகின்றன. நடந்து செல்லும் பூச்சிக்குக் காற்றின் ஊறும் உணர்கொம்பிலேயே புலப்படும். மணமறியும் உறுப்பும் அதுவே. மரபியல் ஒவ்வோர் அறிவையும் முன்னவற்றோடு கூட்டியே கூறும் முறை இங்கே புதுப்பொருள் பெறுகின்றது. தொல்காப்பியர் இதனைக் கருதினார் என்று நான் கூறவில்லை. ஆனால் மூன்றாவது அறிவு முதலாவதின்மேல் நிற்பது என்னும் சொல்லமைப்பு, தனித்தனிப் புலன்களாகப் பிரித்தெண்ணும் பகுப்பினும் உண்மைக்கு அணித்தாக உள்ளது.

ஞானசம்பந்தரின் திருவையாற்றுப் பதிகத்தின் முதற்பாட்டு இங்கு நினைவிற்கு வருகின்றது. இறக்கும் பொழுதில் புலன்கள் நிலைகுலைய, வழி மயங்குவதைக் கூறித் தொடங்கும் அப்பாட்டின் பிற்பகுதியில், ஆடல் மகளிர்க்கு ஒலிக்கும் முழவை இடியெனக் கருதி மழைக்கு அஞ்சிய மந்திகள் மரமேறி முகிலைப் பார்க்கின்றன. உரைகாரர் இதனை மயக்கத்தின் அழகு என்ற அளவில் நிறுத்துவர். மந்தி செய்தது அதனினும் பெரிது: செவி சொன்னதைக் கண்ணாற் சரிபார்க்க ஏறியது. பொறியில் விழும் குருத்துப்பூச்சிக்கு அச்சரிபார்ப்பு உதவுவதில்லை. அதன் கண் காற்றைச் சொல்லுமேயன்றிப் பெண் அங்கில்லை என்பதைச் சொல்லாது.

இத்தேடலை எந்திரத்திற்குக் கற்பிக்க முயன்றோர் இறுதியிற் பூச்சியையே எந்திரத்தில் ஏற்றினர். தோக்கியோ பல்கலைக் கழகத்துக் கன்சாகி குழுவினர் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், ஆண் பட்டுப்பூச்சி ஒன்று சிறு பந்தின்மேல் நடக்க, அந்நடையே இரு சக்கர ரோபோவைச் செலுத்தியது. மனிதர் வளர்ப்பில் பறக்கும் ஆற்றலை இழந்த பட்டுப்பூச்சி, வண்டியை ஒருபக்கம் இழுக்குமாறு வேண்டுமென்றே கோணலாக்கிய போதும், திருத்திக்கொண்டு பெண்ணின் மணம் இருந்த இடத்தை அடைந்தது.

இந்திய நாட்டில் இத்துறையின் தொடக்கம் மும்பையில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில். ஒபைத் சித்தீகியும் வெரோனிகா ரோட்ரிக்சும் 1970-களில் பழ ஈக்களுள் மணமறியும் திறன் பிறழ்ந்தவற்றைப் பிரித்தெடுத்து மரபணு வழியில் ஆராய்ந்தனர். சென்னைப் பல்கலைக் கழகத்தில் கணிப்பொறியியல் பயின்று, அமெரிக்காவில் செயிண்ட் லூயிசு நகரத்து வாசிங்டன் பல்கலைக் கழகத்திற் பேராசிரியராய் விளங்கும் பரணிதரன் இராமன், வெட்டுக்கிளியின் மணவறிவை ஆராய்பவர். 2016-இல் அமெரிக்கக் கடற்படை ஆராய்ச்சித் துறையின் நல்கை பெற்று, 2020-இல் அவர் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், வெட்டுக்கிளியின் மூளையில் நுண்கம்பிகளைப் பதித்து, சிறு வண்டியில் ஏற்றி, வெடிமருந்துகளின் ஆவியை அது பிரித்தறிவதை மின்குறிப்புகளாகப் பதிவு செய்தனர். ஒன்றன் குறிப்பினும் பலவற்றின் குறிப்புகளைக் கூட்டிப் பார்த்தல் மிகுந்த துல்லியம் தந்தது.

எஞ்சியிருப்பது தும்பி. இன்று தட்டானையும் அப்பெயரால் வழங்குகின்றோம். தட்டானே மரபியலின் தும்பியாயின் கண்ணறிவுக்கு அதனிற் சிறந்த சான்றில்லை. மணத்தைப் பெரிதும் நாடாத உயிர் அது. ஆனால் குறுந்தொகையின் இரண்டாம் பாடலில் தலைவன் விளித்து வினவும் தும்பி தேன் தேடித் திரிவது, ஆகவே வண்டினமே. தலைவியின் கூந்தலினும் நறிய பூவை நீ அறிவையோ, எனக்கு உவப்பானதைக் கூறாது கண்டதையே கூறு என்பது அவ்வினாவின் கருத்து. தருமியின் கதையாலும் நக்கீரர் வாதாலும் இப்பாட்டுப் பெரும்புகழ் பெற்றது. அவை நடுவே மன்னனும் புலவரும் மணம் பற்றி வாதிட்டனர் என்று கதை கூற, பாட்டோ அவ்வினாவை வண்டிடமே விடுகின்றது. நாலறிவுயிர்க்கு மூன்றாம் அறிவும் உண்டு என்னும் மரபியற் கூட்டல் முறைக்கு இப்பாட்டு இலக்கியச் சான்றாம்.

1919-இல் கார்ல் வான் பிரிசு இதே வினாவைத் தேனீக்களிடம் விடுத்தார். ஒரு மணமூட்டிய பெட்டியிற் சர்க்கரை நீர் வைத்துப் பழக்கிப் பின் பல மணப் பெட்டிகளிடையே விட, தேனீ பழகிய மணத்தையே தேர்ந்தது. உணர்கொம்பு நீக்கியபின் மணத்தை இழந்தது, நிறத்தை இழக்கவில்லை. அதன் கண் தொலைவளக்கும் கருவியும் ஆகும் என்பதை நிறுவியவருள் முதன்மையானவர் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திற் பயின்று ஆசுத்திரேலியாவில் ஆராய்ந்த மாண்டயம் சீனிவாசன். இருமருங்கும் காட்சி ஒரே விரைவில் பின்னோடுமாறு பறந்து தேனீ இடுக்குவழியின் நடுவே செல்கின்றது என்னும் அவர் கண்டுபிடிப்பைக் கொண்டு ஆளில்லா வானூர்திகளுக்கு வழிகாட்டும் முறைகள் அமைக்கப்பெற்றன.

மணமும் காற்றும் ஒளியும் அறிந்து தானே வழிதேரும் எந்திரத்தை மரபியலின் எந்த அறிவில் வைப்பது என்று முதுகலை மாணவர் சிலர் வினவுவதுண்டு. புலன்களை எண்ணினால் சிலவற்றுக்கு நான்கும் ஐந்தும் தேறும். ஆயின் இனத்துப் பிற உயிர்களுக்கு இடம் விடுமிடத்துத் தொல்காப்பியர் ஆளும் சொல் பிறப்பு என்பது. கற்பூரத் தடமிடும் ரோபோ அச்சொல்லின் எல்லைக்குள் வாராது. வண்டியேறிய வெட்டுக்கிளி வரும்; ஏறும் முன்னும் அது அவ்வறிவினதே.